மருமகளுக்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது குறித்து மாமியார் சொன்னது

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியாகிவிட்டது. வயது ஐம்பத்தேழு. ஆயத்த ஆடை ஆலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். அங்கே கத்திரியக்கா என்றால்தான் என்னைத் தெரியும். யாரும் மிரட்டி நான் இந்த வாக்குமூலத்தைச் சொல்லவில்லை. என்னை மிரட்ட இனி ஒருவர் பிறந்து வர வேண்டும்.

என் மகன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பிறவியிலேயே ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்திலுள்ள இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும் என்றும், அதை வெளியேற்றத் தினமும் ஒரு வேளை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அதன்பின் நான் குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, முதலில் இரும்பு இறங்கட்டும் என்றார். எப்போது இறங்கும் என்றதற்கு, வருடக்கணக்காகும் என்றார். பேரப்பிள்ளையைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன்.

ஆலையில் சரக்கு பிந்தினால் இரண்டு ஷிப்டு போட்டு முடிப்போம். அதையே வீட்டிலும் செய்தேன். ஒரே மருந்துச்சீட்டை இரண்டு கடைகளில் காட்டி வாங்கி, காலையில் ஒரு தம்ளரும் இரவில் ஒரு தம்ளரும் கரைத்துக் கொடுத்து, எதிரிலேயே நின்றேன். அவள் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்கள். "ஒரு பக்கம் ஏத்துறாங்க, இன்னொரு பக்கம் உருவுறாங்க, இது என்ன கூத்து?" என்று சொல்லி நான்தான் அதை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வாந்தி பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரும்படி டாக்டர் என்னிடமும் சொல்லியிருந்தது உண்மை. "அத்தை, இன்னிக்கு மட்டும் வேணாம். ஒண்ணுக்கே வரல" என்றாள். இப்படி நோவு சொல்லி லீவு கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுத்தேன். வாந்தியெடுத்தாள். தரையைத் துடைக்கச் சொல்லிவிட்டு மறுபடி கரைத்துக் கொடுத்தேன். சம்பந்தி புகாரில் எழுதியிருப்பதுபோல மூக்கைப் பிடித்து ஊற்றவில்லை. அவளேதான் வாங்கிக் குடித்தாள். அதன்பின் முகமும் கால்களும் வீங்கின. ஊர் திரும்பிய மகன் பார்த்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன, இனி ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம்தான் என்றார்கள். அந்த உடம்பு பிள்ளை தாங்காது என்பதையும் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதன்பின் உள்ளே விட்டார்கள். கழுத்தில் குழாயோடு படுத்திருந்தாள்.

"அத்தை, இரும்பு இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு" என்றேன். ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அவள் சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப குழந்தையப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க அத்தை" என்றாள்.

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மகனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று அந்த வாசலிலேயே நினைத்தேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடி உண்மைதான், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(கையொப்பம்)