மழைநாளில் திறக்காத கதவு

காகிதத்துக்கு ஈரம் ஆகாது. நெருப்பு பட்டால் ஒரேயடியாகப் போய்விடும். ஈரம் அப்படியில்லை, மெல்ல நெளியவைத்து, புள்ளி புள்ளியாகப் பழுக்கவைத்து, கண்ணெதிரே வீணாக்கும். அதனால்தான் என் வீட்டில் படங்கள் வைத்திருக்கும் சிறிய அறையின் ஜன்னலை அடைத்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டும் முள்ளை வெளிச்சுவரில் பொருத்தினேன். மழைநாளில் படங்கள் இருக்கும் அறையைத் திறக்கக் கூடாது. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் மீறாத விதி அது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

படங்கள் எல்லாம் பரோக் காலத்து அச்சுகள், முந்நூறு நானூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் போட்டவை. செப்புத் தகட்டில் சிற்றுளியால் கீறி, மை தேய்த்து, காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. நான் சேர்த்தவற்றில் மன்னர்களோ போர்களோ இல்லை, அலங்காரம் மட்டும்தான். சுருளும் இலைக்கொடி, சிப்பி, பழக்கொத்து, எல்லாம் பின்னிய சட்டங்கள். நடுவில் ஒன்றும் இருக்காது. ஒரு கோடு மயிரிழையாகத் தொடங்கும். கை அழுத்த அழுத்தத் தடிக்கும். பிறகு மூச்சு விடுவதுபோல் மெலிந்து மறையும். அந்த ஒரு கோட்டைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

என் மனைவிக்குத் தெரியவில்லை. பழைய சகாக்கள் வந்திருந்தபோது, அப்படிப்பட்ட சட்டம் அச்சான மிக அரிய படம் ஒன்றை மேசையில் எடுத்து வைத்தேன். தேநீர் கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கல்யாணப் பத்திரிகைய அடிச்சிட்டு, பொண்ணு மாப்பிள்ளை பேரப் போட மறந்துட்டாங்களா?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகுதான் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். ஒரு படம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நாற்காலி. தனியாக இருந்து பார்க்கட்டும் என்று அவளை அந்த அறையில் விட்டு வெளியே தாழ் போடுவேன். சத்தம் கேட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள், அதெல்லாம் ஆரம்பத்தில். பிறகு பழகிவிட்டாள். திறந்ததும், "ரொம்ப அழகா இருக்குங்க" என்பாள். எது அழகு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். படத்தை விட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வாள்? பொய் சொல்லி வெளியே வருவது அவளுக்கு வாடிக்கையாகிவிட்டது.

அதனால் கடைசி முறை, உண்மையாகப் பார்த்த பிறகுதான் திறப்பது என்று தீர்மானித்தேன். தாழ் போட்ட கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

மழை விடுவதாக இல்லை. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, மூச்சு முட்டுது. தெறங்க. இனிமே சிரிக்க மாட்டேன்" என்றாள். மழை நிற்கட்டும் என்றேன். நடுவில் அவள் தம்பி அழைத்தான். "அக்கா எங்க மாமா, போனே எடுக்கல?" உள்ளே படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். "அக்காவா? அந்தப் படத்தையா?" என்று அவனும் சிரித்தான். நான் பொய் சொல்லவில்லை.

எனக்கு இருந்த கவலை முள்ளைப் பற்றித்தான். மனித மூச்சில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. முள் ஏறிக்கொண்டே போனது. நிதானமாக மூச்சு விடு என்று கதவு வழியே சொல்லிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து முள் ஏறுவதை நிறுத்தி, இருந்த இடத்திலேயே நின்றது. படங்கள் பிழைத்தன என்ற நிம்மதியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். மழை ஓய்ந்து வெயில் வந்த பின்தான் திறந்தேன்.

ஆமாம், ஐயா. அடைத்ததும் நான்தான், திறக்காததும் நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கதவின் உட்பக்கத்தை உங்கள் ஆட்கள் சரியாகப் பார்க்கவில்லை. கொண்டை ஊசியால் கீறிய தடங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் ஆழ்ந்து, முடிவில் மயிரிழையாக மெலிகிறது. கடைசியில் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அந்தக் கதவை ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.