வென்றால் எங்கள் கார்

“பெட்டிக்கு மேலை பொலிஸ் காருக்கெண்டு எழுதிப்போட்டுத்தான் அனுப்பினவங்கள்.”

புருசெத் புறநகருக்குப் போகும் மெட்ரோவில் இது காதில் விழுந்ததும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். எதிரே இரண்டு பேர். சொன்னவர் மூத்தவர். இளையவரின் வலக்கையில் மாவுக்கட்டு.

“என்னத்தை அண்ணை?”

“ரேஸ் கார் எஞ்சின் சாமானை. அமெரிக்காவிலை அந்தக் காலத்துக் கதை. ரேஸுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு கார்க் கொம்பனிக்காரர் வெளியிலை சொல்லுவினம். சாமான் பின்கதவாலை போகும்.”

“ஏன் ஒளிப்பான்?”

“வெண்டால், எங்கட கார் எண்டு விளம்பரம் போடலாம். ஓடினவன் அடிபட்டுச் செத்தால், அவன் ஆரோ தனியாள்.”

இளையவர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார்.

“எனக்கும் சாப்பாட்டு டெலிவரிக் கொம்பனிக்காரர் இதைத்தான் சொன்னவங்கள். சாப்பாடு குடுக்கப் போகேக்கை ஐஸிலை சைக்கிள் சறுக்கி விழுந்தனான். போன் அடிச்சால், நீ எங்கட வேலையாள் இல்லை, செல்ஸ்தெந்தி, சொந்தத் தொழில்காரன் எண்டுறாங்கள். எனக்கு நான்தான் முதலாளியாம்.”

“பிறகு ஒருத்தரும் வந்து பாக்கேல்லையே?”

“வந்தவங்கள். கொம்பனிப் பேர் போட்ட ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போக.”