அறுபத்தொரு முறை வந்த எண்

என் மாப்பிள்ளைக்குத் தேநீரில் அரைக் கரண்டி சர்க்கரை போதும். நேற்றும் அப்படித்தான் போட்டேன் ஐயா. அவர் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

என் மகள் மாடிப்படியில் விழுந்து இறந்து ஒரு வருடமாகிறது. கால் தடுக்கிவிட்டது என்றார் மாப்பிள்ளை. நீங்களும் அப்படியே எழுதி வழக்கை மூடிவிட்டீர்கள். நான் அவள் படங்களைப் போட்டு ஒரு வலைத்தளம் வைத்தேன். அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்காரர், வந்து பார்ப்பவர்களை எண்ணும் வசதியையும் அதில் சேர்த்தார். முதல்முறை வருகிறவரின் போனில் அது ஓர் அடையாள எண்ணைப் போட்டு வைக்குமாம். திரும்பி வந்தால் அதைப் பார்த்துப் பழைய ஆள் என்று சொல்லிவிடுமாம்.

“ஆளை அதுக்குத் தெரியாதும்மா, போனைத்தான் தெரியும். அந்த எண்ணை அழிச்சிட்டா பழைய ஆளையே புதுசுன்னு காட்டும்” என்றார்.

மற்றவர்கள் ஒருமுறை வந்து போனதோடு சரி. ஓர் எண் மட்டும் அறுபத்தொரு முறை வந்திருந்தது. எங்கள் ஊர்தான். மாப்பிள்ளை வைத்திருக்கும் அதே வகைப் போன். ஒவ்வொரு முறையும் அவள் படியில் உட்கார்ந்து சிரிக்கும் படத்தில் போய் நின்றது.

நேற்று மாலை மாப்பிள்ளையை என் தையல் கடைக்கு வரச் சொன்னேன்.

“பாப்பா படமெல்லாம் போட்டிருக்கேனே, பார்த்தீங்களா மாப்பிள்ளை?”

“இல்ல அத்தை. ஒருதடவைகூடத் திறக்கல. மனசு வரல.”

இதில் பொய் சொல்கிறவர் எதில்தான் சொல்லமாட்டார்? வெட்டும் மேசையில் என் பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஐந்து கிலோ இரும்பு, நாற்பது வருடமாகத் தூக்கிப் பழகிய கை. அவர் கோப்பையை எடுக்கக் குனிந்தபோது பின்மண்டையில் அடித்தேன். “என்ன அத்தை இது” என்றார், ஏதோ சட்டையில் தேநீரைக் கொட்டிவிட்ட மாதிரி. இரண்டாவது அடிக்குப் பிறகு கேட்கவில்லை. மூன்றாவதில் எலும்பு உள்ளே இறங்கியது, தடித்த துணியில் ஊசி இறங்குவதுபோலக் கைக்குத் தெரிந்தது. நான்காவது தேவையில்லை. ஆனால் முடிச்சுப் போடாமல் தையலை விடுவது என் வழக்கமில்லை.

பிறகு அவர் விரலைத் துடைத்து, அதை வைத்தே அவர் போனைத் திறந்து, மகளின் பக்கத்துக்குப் போனேன். என் கம்ப்யூட்டரில் ‘புதிய வருகையாளர்’ என்று வந்தது. மனசு லேசாகிவிட்டது. வருவதற்கு முன்பே எண்ணை அழித்திருக்கிறார். தப்புச் செய்யாதவர் எதற்கு அழிக்கப்போகிறார்?

இன்று காலை, நீங்கள் வந்து அவரைத் தூக்குவதற்கு முன்பு பார்த்தேன். அந்தப் பழைய எண் விடியற்காலையில் அறுபத்திரண்டாவது முறையாக வந்திருந்தது.

மாப்பிள்ளையிடம் இன்னொரு போன் இருக்கிறது ஐயா. நன்றாகத் தேடிப் பாருங்கள்.