கடலோடியின் நான்காவது கடிதம்

சிற்றிதழ் நடத்துகிறவனுக்கு வாசகர் கடிதப் பக்கத்தை நிரப்புவதுதான் பெரும்பாடு. கவிதை வேண்டாமென்றாலும் வந்து குவியும். கடிதம் கெஞ்சினாலும் வராது. நமது ‘பொதுத்தளம்’ காலாண்டிதழுக்கு முதல் பதினோரு ஆண்டுகளில் வந்த கடிதங்களில் பாதி, இதழ் கிடைக்கவில்லை என்பவை. மீதிப் பாதி, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்பவை.

இந்த ஆசிரியர் பக்கத்தை எழுதச் சொன்னவர் அஜந்தா. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிறுகளில் நமக்குப் பக்கம் வடிவமைத்துத் தருகிறவர். சென்ற மாதம் என் பழைய கோப்புகளில் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். அச்சான இதழோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, “அங்கிள், ஒண்டில் நீங்கள் எழுதுங்கோ, இல்லாட்டி நான் எழுதுறன்” என்றார். அவர் இவ்வளவு கோபப்பட்டு நான் கண்டதில்லை. எழுதுவதில் எனக்கென்ன கஷ்டம்? எழுத்துத்தானே என் வேலை.

கதை ஒரு நிலவறையில் தொடங்குகிறது. இருபத்தாறு வருடம் கவுன்சில் நூலகமொன்றில் வேலை செய்தேன். ஓய்வுபெறும்போது, அதன் நிலவறையில் கிடந்த, கழித்துவிட இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசியல் சஞ்சிகைத் தொகுதிகள் நாற்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். லண்டன் ஆர்ச்வேயில் என் மூன்றாம் மாடி வீட்டுக்கு அவற்றைத் தூக்கி முடித்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை. ஆனால் என்ன வாசிப்பு! அக்காலத்து வெள்ளைக்காரர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் ஒரே கூட்டாட்சியாகி, லண்டனில் ஒரே பாராளுமன்றத்தில் அமர வேண்டுமா என்பது கேள்வி. இல்லாவிட்டால் பேரரசு சிதறிவிடும் என்கிறார் ஒருவர். இது பைத்தியக்காரத்தனம் என்கிறார் மற்றவர். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில், பலவும் புனைபெயரில். கடைசியில் அப்படியொரு கூட்டாட்சி வரவேயில்லை. வந்திருந்தால் சஞ்சிகைக்காரர்களின் பாடு என்ன? ஒற்றுமை வராதவரைக்கும்தான் அவர்களுக்குப் பிழைப்பு என்று எனக்குப் பட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

உடனே நமது இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். அந்தக் கூட்டாட்சி அமைந்திருந்தால் இலங்கைத் தமிழர் எங்கே இருந்திருப்போம் என்று கேட்டேன். கடிதங்கள் புனைபெயரில் வரலாம், ஆனால் யார் எழுதியது என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று நிபந்தனை வைத்தேன். அந்தப் பழைய சஞ்சிகைகளின் மிடுக்கு நமக்கும் வரட்டுமே என்றுதான்.

இரண்டு பேர் எழுதினார்கள். மோர்டனில் இருந்து சபாரத்தினம் அண்ணை ‘வெளிச்சவீடு’ என்ற பெயரில். ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து கார்த்திகேசு அண்ணை ‘கடலோடி’ என்ற பெயரில். இருவரும் எண்பத்தைந்தில் ஒரே அறையில், ஒரே கட்டிலில் ஷிப்ட் முறையில் தூங்கி இந்த ஊர் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். வெள்ளிக்கிழமைகளில் ஹைகேட் முருகன் கோயிலில் சந்திப்பார்கள். நானும் போவேன். நாற்பது வருட நண்பர்கள் என் இரு பக்கமும் உட்கார்ந்து பொங்கலும் சுண்டலும் சாப்பிடுவார்கள். உலகத்தில் உள்ளதெல்லாம் பேசுவார்கள், ‘பொதுத்தள’த்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். எனக்குக் கொடுத்த வாக்கு. நடுவில் இருந்து சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் புரையேறிவிடும்.

கூட்டாட்சி வந்திருந்தால் நமக்கும் லண்டன் பாராளுமன்றத்தில் உட்கார ஒரு கதிரை இருந்திருக்கும், அகதியாக அல்ல, உறுப்பினராக வந்திருப்போம் என்று வெளிச்சவீடு எழுதினார். கனடாக்காரருக்கும் ஆஸ்திரேலியாக்காரருக்கும் போட்ட கதிரையில் நம்மை யார் இருத்தியிருப்பார்கள் என்று கடலோடி கேட்டார். மூன்று இதழ்களில் அனல் பறந்தது. நூற்றெண்பது பிரதி போன இதழ் அறுநூறு போனது. கோயில் வாசலில் முன்பின் தெரியாதவர்கள் என்னை மறித்து, கடலோடி யார் என்று கேட்டார்கள்.

நான்காவது இதழில், கடலோடியின் கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘தம்பிக்கென்று ஒழுங்கான இடத்தில் தாம் ஏறி வந்தவர்கள், யாருக்குக் கதிரை மறுக்கப்பட்டது என்று கேட்க மாட்டார்கள்தான்.’

இதை விளக்க வேண்டும். சபாரத்தினம் அண்ணை ஆடி மாதத்தில் ஒருநாள் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று ஒருமுறை கார்த்திகேசு அண்ணையிடம் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். லண்டன் வர ஒழுங்கு செய்ய முடிந்தது ஒரேயொரு இடம், அதுவும் சபாரத்தினத்தின் தம்பிக்கு. மூத்தவன் முதலில் போய்க் கூப்பிடுகிறேன் என்று சபாரத்தினம் வந்தார். அடுத்த வருட ஆடியில் தம்பியை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. லண்டனில் இது கார்த்திகேசு ஒருவருக்குத்தான் தெரியும் என்று சபாரத்தினம் அண்ணை நம்பியிருந்தார்.

ஆகவே அந்த வரியை வாசித்ததும் கடலோடி யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, அந்த வரி கார்த்திகேசு எழுதினதோ எண்டு மட்டும் சொல்லு. இல்லையெண்டு சொன்னால் எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

“அண்ணை, புனைபெயரைப் பற்றிக் கதைக்கிறது பத்திரிகைத் தர்மமில்லை” என்றேன். இதில் நான் உறுதியானவன்.

கார்த்திகேசு அண்ணை நேரில் வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்காமலே, இதழை என் மேசையில் விரித்தார். “இது என்ரை வரி இல்லை. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீங்கள் அடுத்த இதழிலை ஒரு திருத்தம் போடுங்கோ.” போடுகிறேன் என்றேன். தேநீர் கொடுத்தேன். ஆனால் அடுத்த இதழில் கடிதங்களே ஒன்பது பக்கம் வந்துவிட்டன, எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். திருத்தத்துக்கு இடமில்லை.

சபாரத்தினம் அண்ணை இருதய மாத்திரைகளை நிறுத்தியது எனக்குப் பிறகுதான் தெரியும். அவருடைய மனைவி கலாவதி அக்கா, குப்பைக் கூடையில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கண்டதாகச் சொன்னார். அண்ணை மாசியில் காலமானார். செத்தவீட்டுக்கு வந்த கார்த்திகேசு அண்ணையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மழைக்குள் எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் கடைசிவரை நின்றார். நான் உள்ளே அஞ்சலி உரை ஆற்றினேன். நன்றாக இருந்ததென்று பலரும் சொன்னார்கள்.

அஜந்தா கண்டெடுத்த கையெழுத்துப் பிரதியில் அந்த வரி இல்லை. அந்த இடத்தில் இருப்பது இதுதான்: ‘வெளிச்சவீடு சொல்வதிலும் நியாயம் உண்டு. யாரென்று தெரியாது, நல்ல மனிதர். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.’ இதைப் போட்டிருந்தால் விவாதம் அன்றே முடிந்திருக்கும். அறுநூறு வாசகரை நடுத்தெருவில் விட எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு மூன்று வசனங்களை எடுத்துவிட்டு, ஒன்றை நான் எழுதிச் சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நானும் சபாரத்தினம் அண்ணையை நேசித்தவன். வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்தில் அவர் உட்காரும் இடத்தை இன்னும் வெறுமையாகவே விட்டு வைக்கிறேன்.

கார்த்திகேசு அண்ணை இப்போது தனியே வந்து, சாப்பிடாமல் போகிறார். கலாவதி அக்காவுக்கும் அவருக்கும் இந்தப் பக்கம் ஆறுதல் தரட்டும் என்றுதான் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறேன். அஜந்தா இந்த ஒரு பக்கத்தை வடிவமைத்துத் தந்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று போய்விட்டார். அதனால் ஒன்பதாம் பக்கத்தை நானே செய்தேன். தலைப்பு கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதில் வெளிச்சவீட்டின் ஐந்தாவது கடிதம் இருக்கிறது. வாசித்துப் பாருங்கள், உயிரோடு இருந்தபோதுகூட அண்ணை இவ்வளவு நன்றாக எழுதியதில்லை.