தொண்ணூறுக்கு மேலே

— டிக்கி சும்மாதானே கெடக்கு, சிமியு அண்ணே. ஒரு பேஸ் ஸ்பீக்கர் பெட்டி வச்சுத் தரேன். சவாரி ஏறுனவன் எறங்கவே மாட்டான்.

— வேணாம் கிலோன்சோ. ரேடியோவுல பேசுறது தெளிவாக் கேக்கணும். அவ்வளவுதான்.

— நைரோபியில டாக்ஸி ஓட்டுறவன் பேச்சுக் கேக்கவா என்கிட்ட வரான்? நீங்கதான் முதல் ஆளு. இது என்ன டிக்கியில, கறுப்புக் கோட்டு? கவரெல்லாம் போட்டு.

— அதை எடுக்காத. அங்கயே இருக்கட்டும்.

— சரி, தொடல. சாவியைப் போடுறேன். ஐயோ, யாருண்ணே இவ?

— வண்டியில பதிஞ்ச ஜப்பான்காரி குரல். சாவி போட்டா என்னமோ சொல்லுவா. வண்டி வாங்கி எட்டு மாசம், அவ ஒருத்திதான் என்கூடப் பேசுறா. ரேடியோ பேசவே இல்ல. தொண்ணூறுக்கு மேல போக மாட்டேங்குது.

— ஜப்பான்ல இருந்து வர்ற பழைய வண்டி எல்லாம் அப்படித்தான். அவங்க எஃப்.எம். ஸ்டேஷன் எல்லாம் தொண்ணூறுக்குள்ள, நம்மளது அதுக்கு மேல. கேட்டுக்கோங்க, ஏரியல் ஒயர் நடுவுல ஒரு சின்னப் பெட்டி மாட்டலாம். மலிவு, ஆனா இரையும். இல்லன்னா இந்தப் பழைய ரேடியோ. பட்டன் ஒண்ணு உடைஞ்சிருக்கு, மத்தபடி நல்லாப் பிடிக்கும்.

— உடைஞ்சதே போதும். முன்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் கிழிஞ்சு கெடக்கு, அதை மாத்து. பின்னாடி கை வைக்காத.

— பின்னாடி உக்காருறவனுக்கு?

— அவன் கேக்க வேண்டியது ஒண்ணும் இல்ல.

— கோவப்படாதீங்க. கதவுக்குள்ள கூரைக்குப் போடுற தார் ஷீட்டை ஒட்டி விடறேன், தகரம் அதிராது. காசும் ரொம்ப ஆகாது. எந்த ஸ்டேஷன் வேணும்?

— எங்க பாஷை ஸ்டேஷன். சாயங்காலம் சாவு அறிவிப்பு வாசிப்பாங்க.

— நல்ல ஆளு. ஊரே ஆட்டம் போடப் பாட்டுக் கேக்குது, நீங்க எழவு கேக்கப் போறீங்களா?

— எங்கப்பாவோடது வரும். போன வாரம் சவாரி ஏறுன எங்க ஊர்க்காரன் சொன்னான், கெழவர் படுத்த படுக்கைன்னு. நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. நானும் சொல்லல.

— உங்க வீட்டுல ஃபோன் பண்ண மாட்டாங்களா?

— என் நம்பர் யார்கிட்டயும் இல்ல. நான் எங்க குலத்துக்குள்ளயே பொண்ணு எடுத்தவன். எங்கள்ல அது தங்கச்சியைக் கட்டுன மாதிரி. அப்பா வெளிய போடான்னாரு, ரெண்டு பேரும் வந்துட்டோம். பதிமூணு வருஷம். அவளும் காய்ச்சல்ல போயிட்டா.

— அடப்பாவமே. அப்ப இப்பவே போய்ப் பாத்துற வேண்டியதுதானே?

— உயிரோட இருக்கற வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னாரு. போனப்புறம் தடுக்க முடியாதுல்ல. மூத்தவன் நான், முதல் பிடி மண்ணு நான்தான் போடணும். அதுகூட இல்லன்னா நான் எதுக்கு அவருக்குப் பொறந்தேன்? அந்தக் கோட்டு அதுக்குத்தான். கேட்ட உடனே வண்டியை அப்படியே மேற்க, ஊர்ப்பக்கம் திருப்பிருவேன்.

— இத்தனை நாள் எப்படிக் கேட்டீங்க?

— முதலாளி வண்டி ஓட்டறப்ப ஒரு சாயங்காலம் விட்டதில்ல. சொந்த வண்டின்னு இதை வாங்குனேன், எட்டு மாசமாச் செவிடன்.

— இருங்க, ட்ரில் எங்க? ஆ, அதையும் என் பார்ட்னர்தான் தூக்கிட்டுப் போயிட்டான். மொம்பாசாவுக்குச் சரக்கு எடுக்கப் போனவன்ணே, ஒரு வருஷமா ஆளையே காணோம்.

— எங்க ஊரா இருந்தா இந்நேரம் வாழைத்தண்டைப் புதைச்சிருப்பாங்க.

— வாழைத்தண்டையா?

— ஆள் செத்துட்டான்னு தோணுது, உடம்பு கெடைக்கல. என்ன பண்ணுவ? வாழைத்தண்டை அவன்னு வச்சுக் குழியில இறக்கி, அழுது முடிச்சிருவோம்.

— அப்புறம் அவன் பாட்டுக்கு வந்து நின்னா?

— வாசல்லயே விட மாட்டாங்க. அழுது முடிச்சவனை யாரு உள்ள கூப்புடுவா? புதைச்சது புதைச்சதுதான்.

— அப்ப நம்மாளுக்கும் ஒண்ணு புதைச்சிருவோம். ட்ரில்லை மட்டும் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

— வேலையைப் பாரு. வெயில் இறங்குது.

— முடிஞ்சிடுச்சுண்ணே. அந்த ஒயரைப் பிடிங்க. ம், விடுங்க. பாருங்க, தொண்ணூறைத் தாண்டிட்டான். இதுவா உங்க ஸ்டேஷன்?

— இதுதான்.

— எனக்கு ஒரு வார்த்தை புரியல. குரல் எப்படி?

— நல்லா இருக்கு. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி.

— நான் சொன்னேன்ல, தார் ஷீட் ஒட்டுனா...

— பேசாத. அறிவிப்பு.

— என்னண்ணே? ஏன் சத்தத்தைக் கூட்டுறீங்க? என்ன சொல்றான் அவன்?

— எங்கப்பா பேரு.

— ஐயையோ. அடக்கம் எப்பன்னு சொன்னானா?

— சனிக்கிழமை.

— இன்னிக்கு வியாழன்தானே, நேரம் இருக்கு. கிளம்புங்கண்ணே. காசைத் திரும்பி வந்து குடுங்க. கோட்டு டிக்கியிலதான் இருக்கு. காலையில வீட்டு வாசல்ல நிப்பீங்க.

— எங்க புதைக்கப் போறாங்கன்னும் சொன்னான்.

— எங்கயாம்?

— வீட்டுக்குப் பின்னாடி. மூத்த மகன் சிமியுவோட குழிக்குப் பக்கத்துல.