கற்பூரம் காட்டிய ரிப்போர்ட்டு

— இது என்னம்மா, ஈ.சி.ஜி.யா, கரித்துணியா?

— ஈ.சி.ஜி. தாங்க டாக்டர். நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அரக்கோணத்துல போயி எடுத்தது. நல்லாப் பாருங்க, ஓரத்துல கோடு தெரியும்.

— ஓரத்துல தெரியிற கோட்டை வெச்சி நான் என்ன பண்றது? நடுவுல பூராவும் கருப்பு. மேல மஞ்சள், குங்குமம் வேற. யார் பண்ண வேலை இது?

— நான் தாங்க. வூட்டுக்கு வந்ததும் முருகன் படத்தாண்ட தட்டுல வெச்சி கற்பூரம் காட்னேன். நெருப்பு படவே இல்லீங்க. ஒரு முனை கூட எரியல. அதுவா கருத்துகினே வந்துது.

— எரியத் தேவையில்லம்மா. இது மெழுகு பூசின பேப்பர். மெஷின்ல சூடான ஊசி ஒண்ணு இது மேல ஓடும். சூடு பட்ட இடம் கருத்து, கோடா விழும். நீ மொத்தத்துக்கும் சூடு காட்டிட்ட. கல்யாணப் பத்திரிகையா இது, சாமிகிட்ட வெக்கறதுக்கு?

— புதுத் தறி வாங்குன பில்லக் கூட முருகன் கால்ல வெச்சிட்டுத் தாங்க பிரிப்போம். இது எங்க பாவா, எங்க வூட்டுக்காரரோட நெஞ்சு சமாச்சாரம். வெக்காம இருப்பனா?

— உடு ஜெயம்மா. டாக்டர்கிட்ட போயி வாயாடிகினு.

— நீ சும்மா இரு பாவா. தப்பு என்னுது, நானே பேசிக்கிறேன்.

— பரந்தாமன், நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?

— நான் படுத்துகினு இருந்தேங்க.

— சரி, எடுத்தவரைக் கேக்கலாம்னா அவர் மெட்ராஸ்காரர். வாரத்துக்கு ஒரு நாள் மெஷினோட அரக்கோணம் வந்து போறவர். இனிமே அடுத்த வாரம் தான். நாளான்னைக்கு ஆடிக் கிருத்திகை. நீங்க காவடி எடுத்துக்கிட்டு முருகன் மலை ஏறணும்ங்கிறீங்க. இந்தப் பேப்பரைப் பார்க்காம நான் எப்படி ஏறுன்னு சொல்றது?

— நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் ஏறித் தாங்க ஆவணும்.

— ஏன் ஆவணும்? எனக்குப் புரியல.

— வேண்டுதலுங்க. பாவாவுக்கு நெஞ்சு வலி போனா, இந்த ஆடிக்கு காவடி எடுத்துகினு படி ஏறி வருவாருன்னு வேண்டிகினேன். மறுநாளே வலி போச்சு. பொதட்டூர்பேட்டைல எங்க தெரு பூரா தெரியும்.

— மறுநாளேவா?

— மறுநாளே. தோ, உக்காந்துகினு இருக்காரே, அவரையே கேளுங்க.

— பரந்தாமன்?

— ஆங். போச்சுங்க.

— வலி போனதுக்காக, அதே நெஞ்சோட, தோள்ல காவடியும் வெச்சிக்கிட்டு அவ்வளவு படியும் ஏறணும். யோசிச்சித் தான் இதை வேண்டிக்கிட்டியாம்மா?

— நெஞ்சப் புடிச்சிகினு தறி மேல சாஞ்சவரப் பாத்துட்டு யோசிக்கவாங்க தோணும்? வாய்ல என்ன வந்துதோ அத்த வேண்டிகினேன்.

— மலைக்கு பஸ் போகுது. பஸ்ல போயிடுங்க.

— பஸ்ல போற காவடியா? முருகன் ஒத்துகினாலும் எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்க.

— அரக்கோணத்துல என்ன தான் பண்ணாங்க? அதையாவது சொல்லுங்க.

— படுக்க வெச்சி, கை கால்ல தகடு கட்டி, நெஞ்சுல பசை தடவி ஒண்ணு எடுத்தாங்களாம். அப்புறம் ரெண்டு படி வெச்ச பலகையில ஏறி எறங்கச் சொல்லி, மறுபடியும் ஒண்ணு. என்னை வெளிய உக்கார வெச்சிட்டாங்க. பாவா வந்து, மலைப்படி பாத்தவனுக்கு ரெண்டு படியக் காட்றாங்கன்னாரு. ரயில்ல பூரா சிரிச்சிகினே வந்தேன்.

— அந்த ரெண்டாவது தான்மா எனக்கு வேணும். படி ஏறினதுக்கப்புறம் நெஞ்சு எப்படி இருக்குன்னு அதுல தான் தெரியும். அந்த இடம் தான் அட்டக் கருப்பு.

— தொடச்சிப் பாக்கட்டுங்களா?

— தொடாதம்மா. ஏற்கெனவே ஏதாவது தொடச்சியா?

— தேங்கா எண்ணெ போட்டு, லேசா.

— கடவுளே.

— எல்லாம் முருகன் பேர்ல பண்ணது தாங்க. அந்தக் குழாய வெச்சிக் கேட்டுப் பாருங்களேன்.

— குழாய்ல இதெல்லாம் கேக்காது. எனக்குப் பேப்பர் தான் வேணும். நாளைக்கே மெட்ராஸ் போயி வேற எடுத்துட்டு வாங்க.

— நாளைக்குக் காவடி கட்டணுங்க. பூ சொல்லியாச்சு, மேளம் சொல்லியாச்சு.

— பூவும் மேளமும் வந்துடும். ஆள் வேணாமா?

— ஜெயம்மா, அந்தத் துண்டக் குடு.

— ஏன் பாவா இப்படி வேர்க்குது? ஃபேனுக்குக் கீழ தானே உக்காந்துகினு இருக்க?

— புழுங்குது.

— கொஞ்சம் நகரும்மா, ஜன்னல் வெளிச்சத்துல பாக்கறேன். இங்க ஒரு கோடு கீழ இறங்குது. இல்ல, அது உன் குங்குமம். எனக்கு வெறுத்துப் போச்சு. பரந்தாமன், நீங்க ஒண்ணு சொல்லுங்க. அங்க அந்தப் படியை அவர் சொன்ன வரைக்கும் ஏறி இறங்கினீங்களா?

— சொல்லு பாவா.

— பாதியில உக்காந்துட்டேங்க.

— உக்காந்துட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்ல? வலி தான் போயிடிச்சே, அப்புறம் எதுக்கு உக்காந்த?

— நான் தறி மேல சாஞ்சதுலேருந்து நீ பச்சத் தண்ணி கூட குடிக்காம சாமி முன்னாடியே உக்காந்துகினு இருந்த. வலி போச்சுன்னு சொன்னா எழுந்து ஒரு வாய் சாப்புடுவன்னு அப்படிச் சொன்னேன். சாப்புட்ட.

— அப்ப வலி போவலியா?

— டாக்டர், அந்தப் பேப்பரக் கீழ வெச்சிட்டுக் கொஞ்சம் இப்படி வாங்க. உங்க வாசப்படி ஏறும்போது நெஞ்சப் புடிச்சதுங்க, இன்னும் உடல.