சாயா கொடுத்த வீடியோ

"வீட்டுக்கு வந்தவனுக்கு சாயா கொடுத்தது தப்பாம் ஏட்டி!"

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த பெண் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"யாரு சொன்னா?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"இன்சூரன்ஸ்காரனுக்க வக்கீலு. கோர்ட்டுல வச்சு. ரோட்டோரம் சும்மா நிண்ண என்னையதானே கார்காரன் இடிச்சுத் தள்ளினான்? அண்ணையிலேருந்து மீன் கூடை தூக்க முடியாம வீட்டுல இருக்கேன். ஒரு நாளு அந்தக் கார்காரன் பழம் வாங்கிட்டுப் பாக்க வந்தான். வந்தவன வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? சாயா போட்டுக் கொடுத்து, 'சாரமில்ல மக்கா, சரியாவும்'னு சமாதானமும் சொன்னேன். கூட வந்தவன் அத செல்லுல புடிச்சிருக்கான். இண்ணைக்கு அந்த வக்கீலு அதப் போட்டுக் காட்டி, 'சிரிச்சிட்டு சாயா கொடுக்கவளுக்கு எதுக்கு நஷ்டஈடு'ன்னு கேக்கான். வெக்கங்கெட்டவனுவ!"

"எந்தக் கையால கொடுத்த?"

"இடது கையாலதான். வலது கையில ஒரு தம்ளரு நிக்குமா? 'இடது கையால தாறேன், தப்பா நெனைக்காத மக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் கொடுத்தேன். அந்தப் பேச்ச மட்டும் வெட்டிட்டானுவ, படுபாவியளு!"

தோழி முன்னிருந்த கம்பியில் ஓங்கி அடித்தாள்.

"பேச்சத்தானே ஏட்டி வெட்டினானுவ? கைய வெட்டலியே! அடுத்த வாய்தாவுக்கு அதே வீடியோவ நம்ம வக்கீலு போடட்டும்!"